தாம்பரத்தில் கிளம்பிய விமானம், பள்ளிக்கரணையில் கிடைத்த பதில்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து தூக்கம் வராம எழுதினது. டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

போன மாசம் ஓபியில் ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். பிரஷர் மாத்திரை வாங்க மாசாமாசம் வர்றவங்கதான். சீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கல. "சார், எங்க வீட்டுக்காரருக்கு ஒரு டெத் சர்டிஃபிகேட் வேணும்"னு மெதுவா சொன்னாங்க.

எப்போம்மா இறந்தார்னு கேட்டேன்.

"இறந்தாரான்னு தெரியல சார். லாரியில லோடு ஏத்திக்கிட்டு போனவரு, நாலு வருஷமா ஆளைக் காணோம்."

விதவை பென்ஷனுக்கு மனு போட சர்டிஃபிகேட் கேட்டிருக்காங்க. கவர்மென்ட் டாக்டர்தானே, கையெழுத்து போட்டுடுவார்னு யாரோ சொல்லி அனுப்பிட்டாங்க.

நான் போட முடியாது. இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுதிக் கொடுக்கிற படிவத்துக்குப் பேரு படிவம் 4. அதில் கையெழுத்துப் போட, நான் பார்த்த ஒரு நோயாளியோ, ஒரு உடலோ வேணும். உடல் இல்லாத மரணத்துக்கு என் மேசையில் படிவம் கிடையாது. இதை அவங்களுக்குப் புரியவைக்க பத்து நிமிஷம் ஆச்சு. வெளியே லைனில் இருந்தவங்க சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் தாம்பரம் - வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸில் போகும்போதுதான் அந்த விமானம் ஞாபகம் வந்தது. இந்த ஒரே ரோட்டுக்கு ரெண்டு முனையிலும் அந்தக் கதையோட ரெண்டு முனை இருக்கு. தாம்பரம் பக்கம் சேலையூரை ஒட்டி விமானப்படைத் தளம். வேளச்சேரி பக்கம் பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமா நியாட். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தா அதிகம். அந்தத் தூரத்தைக் கடக்க ஏழரை வருஷம் ஆச்சு.

நம்ம ஏரியாவுக்கும் விமானத்துக்கும் உறவு பழசு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910இலேயே பல்லாவரத்தில் விமானம் ஓட்டிக் காட்டினார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டி வந்த தபால் விமானத்தை, அங்கிருந்து சென்னை வரை கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். தாம்பரத்தில் 1950களிலிருந்து விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கு. அதாவது பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களை உருவாக்குற இடம். கிழக்கு தாம்பரத்தில் வளர்ந்த பசங்களுக்கு தலைக்கு மேல கிரண் விமானம் சுத்துறது காக்கா சுத்துற மாதிரி. யாரும் நிமிர்ந்துகூட பார்க்க மாட்டோம்.

2016 ஜூலை 22ஆம் தேதியும் யாரும் நிமிர்ந்து பார்க்கல. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. கபாலி ரிலீஸ். நான் அப்போ ஹவுஸ் சர்ஜன். வார்டில் பாதிப் பேருக்கு மனசு தியேட்டரில்தான் இருந்தது.

காலை சுமார் எட்டரை மணிக்கு தாம்பரத்திலிருந்து ஒரு ஏஎன்-32 கிளம்பியது. கே-2743 அதன் எண். சூலூரைத் தளமாகக் கொண்ட 33ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. அந்தமானில் இருக்கிற படைகளுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோகிற வழக்கமான ட்ரிப். நம்ம ஊர் கணக்கில் சொன்னா டவுன் பஸ் மாதிரி. உள்ளே 29 பேர். ஆறு பேர் விமானக் குழு. மத்தவங்க விமானப்படை, ராணுவம், கடற்படை, கடலோரக் காவல்படையைச் சேர்ந்தவங்க. அதோட விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த எட்டு சிவிலியன்கள். போர்ட் பிளேரில் மதியத்துக்குள் இறங்கியிருக்கணும்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பைலட் பேசினார், எல்லாம் நார்மல். அதுக்கப்புறம் வழியில் இருந்த இடிமேகத்தைத் தவிர்க்க வலது பக்கம் விலகிப் போக அனுமதி கேட்டிருக்கார். ஆனா ரேடாரில் கடைசியாகப் பதிவானது வேற. 23,000 அடி உயரத்தில் இருந்த விமானம் இடது பக்கம் திரும்பி வேகமா உயரம் இழந்திருக்கு. இதை அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மணி 9.12. சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர். அதோட சரி.

தேடுதல் சின்னதா நடக்கல. பத்துக்கும் மேல கப்பல்கள், ஒரு நீர்மூழ்கி, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பி-8ஐ விமானங்கள், இஸ்ரோவின் ரேடார் செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் இறங்கின. மொரீஷியஸ் பக்கம் இருந்த நியாட்டின் சாகர் நிதி கப்பலையும் கூப்பிட்டாங்க. ஒரு சீட், ஒரு லைஃப் ஜாக்கெட், இந்த விமானத்தோடதுன்னு உறுதியா சொல்லக்கூடிய ஒரு துண்டு மிதக்கல.

ஏன் கிடைக்கலன்னு கேட்டா, ரெண்டு கருவியைப் பத்திப் பேசணும். இந்த இடம் கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா விஷயமே இங்கேதான் இருக்கு.

அந்த விமானத்தில் அவசரகால டிரான்ஸ்மிட்டர் இருந்தது. விழுந்தவுடன் ரேடியோ அலையில் செயற்கைக்கோளுக்குக் கூப்பாடு போடுற கருவி. ஆனா ரேடியோ அலை உப்புத் தண்ணியில் பயணம் பண்ணாது. விமானம் மூழ்கிட்டா அதோட கருவியும் ஊமை.

தண்ணிக்குள் வேலை செய்றது வேற கருவி. பிங்கர்னு சொல்வாங்க. தண்ணி பட்டவுடன் தானா ஆன் ஆகி, 37.5 கிலோஹெர்ட்ஸில் வினாடிக்கு ஒரு தடவை 'டிக்' அடிச்சுக்கிட்டே இருக்கும். பேட்டரி குறைஞ்சது முப்பது நாள் தாங்கும். பயணிகள் விமானங்களில் கருப்புப் பெட்டியோட இது ஒட்டியே இருக்கும். கே-2743இல் இது இல்லை.

இது இருந்தா என்ன நடக்கும்னு நம்ம கடற்கரையே ஒரு வருஷம் முன்னாடி காட்டியிருந்தது. 2015 ஜூன் 8ஆம் தேதி ராத்திரி, கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூணு பேரோட காணாமப் போச்சு. ஜூலை முதல் வாரத்தில் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக்கு அந்த 'டிக்' சத்தம் கேட்டது. பிச்சாவரத்துக்கு நேர் கடலில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து கருப்புப் பெட்டியை எடுத்தாங்க. முப்பத்தைஞ்சு நாளுக்குள் முடிஞ்சது. வருத்தம் குறையாது, ஆனா மூணு குடும்பத்துக்கும் ஒரு பதில் கிடைச்சது.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். பிங்கர் சத்தம் ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு மேல கேட்கிறது கஷ்டம். கே-2743 விழுந்த இடத்தில் ஆழமே 3400 மீட்டர். பிங்கர் இருந்திருந்தாலும் கேட்கும் கருவியை ஆழத்துக்கு இறக்கி இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும். அதனால 'அது இருந்திருந்தா மறுநாளே கிடைச்சிருக்கும்'னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தேடுறவனுக்குக் கேட்க ஒரு சத்தமாவது இருந்திருக்கும்.

2009 ஜூன் 1 அன்று பிரேசிலிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் 228 பேரோட விழுந்தது. முதல் வாரத்திலேயே சிதறல்களும் சில உடல்களும் மிதந்தன. அப்படியும் அடியில் கிடந்த உடைந்த பாகங்களைக் கண்டுபிடிக்க 2011 ஏப்ரல் ஆச்சு. ஆழம் சுமார் 3900 மீட்டர். ரெண்டு வருஷம் உப்புத் தண்ணியில் கிடந்த பெட்டியிலிருந்து தகவல் முழுசா எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் பிங்கர் பேட்டரி முப்பது நாள் போதாது, தொண்ணூறு நாள் வேணும்னு உலக விதி மாறியது. அந்த விதி பயணிகள் விமானத்துக்கு. படை விமானம் அந்த விதிக்குள் வராது. நம்ம வீட்டுப் பையன் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் போனா ஒரு பாதுகாப்பு, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு போனா வேறன்னு இருக்கிறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஜீரணமாகல.

ஏஎன்-32 மோசமான விமானம்னு சொல்ல வரல. மலையில், குட்டை ஓடுபாதையில், வெயிலில் உழைக்கவே செஞ்சது. ஆனா காணாமப் போறதில் அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1986 மார்ச் 25இல், சோவியத் யூனியனிலிருந்து புதுசா வந்துகிட்டிருந்த ஏஎன்-32 ஒன்று மஸ்கட்டுக்கும் ஜாம்நகருக்கும் நடுவில் அரபிக்கடலில் மறைஞ்சது. ஏழு பேர். இன்னும் கிடைக்கல. 2019 ஜூன் 3இல் அருணாசலத்தில் 13 பேரோட ஒன்று மலையில் மோதியது. தரையில் விழுந்தும் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆச்சு.

2016 செப்டம்பரில், ரெண்டு மாசம்கூட முழுசா ஆகாத நிலையில், 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாக விமானப்படை குடும்பங்களுக்குக் கடிதம் எழுதியது.

'கருதப்படுகிறது'. இந்த வார்த்தையை ஃபாரன்சிக் மெடிசினில் செகண்ட் இயரில் படிச்சோம். இந்திய சாட்சியச் சட்டம் 1872, பிரிவு 108. ஒருத்தர் உயிரோட இருந்தா யாருக்கு இயல்பா தகவல் வந்திருக்குமோ, அவங்களுக்கு ஏழு வருஷமா எந்தத் தகவலும் இல்லைன்னா, அவர் உயிரோட இருக்கார்னு சொல்றவர்தான் அதை நிரூபிக்கணும். இப்போ வந்திருக்கிற புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே ஏழு வருஷம்தான். பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி. நாங்க சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துட்டோம்.

பெரிய விபத்துன்னா அரசு இந்த ஏழு வருஷத்தைச் சுருக்கும். 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனவங்களுக்கு அப்படித் தனி நடைமுறை வந்தது. படையில் இருக்கிறவங்களுக்கு படையே முடிவெடுக்கும். அது குடும்பத்துக்கு நல்லதுதான். பென்ஷன் வரும், இன்சூரன்ஸ் வரும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம்.

ஆனா காகிதம் வந்தாலும் மனசு ஒத்துக்கணுமே. கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். 'போயிட்டார்'னு வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. ஈசிஜியில் நேர்க்கோட்டைக் காட்டினாலும் நம்ப மாட்டாங்க. முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டு, சில்லுன்னு இருந்த பிறகுதான் அழுகை வரும். போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு சண்டை போடுறவங்ககூட, முகத்தை ஒரு தடவை பார்க்கணும்னுதான் சண்டை போடுவாங்க. அந்த 29 வீட்டிலும் தொடுறதுக்கு எதுவும் இல்லை. எங்கேயாவது தீவில் ஒதுங்கியிருக்கலாம்னு நினைச்சுக்கிட்டிருந்த குடும்பங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தா அது அறியாமை மாதிரி தெரியும். இல்லைங்க. ஆதாரம் இல்லாத டயக்னோசிஸை டாக்டர் நானே ஏத்துக்க மாட்டேன், அவங்க மட்டும் ஏன் ஏத்துக்கணும்?

1968 பிப்ரவரி 7இல் சண்டிகரிலிருந்து லே போன ஏஎன்-12 விமானம் ஒன்று 102 பேரோட இமாசலப் பனியில் மறைஞ்சது. 2003இல் மலையேறப் போனவங்க கண்ணில் சிதறல் பட்டது. அதுக்கப்புறம் பனி உருக உருக ஒவ்வொருத்தரா வெளியே வந்தாங்க. 2024 செப்டம்பர் கடைசியில்கூட நாலு உடல்கள் கிடைச்சன. அதில் ஒருத்தர் பக்கத்து கேரளாக்காரர். 56 வருஷம் கழிச்சு சொந்த ஊரில் அடக்கம். பனிமலை லேட்டானாலும் திருப்பிக் கொடுக்குது. மூணரை கிலோமீட்டர் ஆழக் கடல் அப்படிக் கொடுக்காது. நாமதான் போய்ப் பார்க்கணும்.

போய்ப் பார்த்தது பள்ளிக்கரணைக்காரங்க.

நியாட், நார்வேயிலிருந்து ஓ.எம்.இ. 6000 என்கிற ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் ஒன்றை வாங்கியிருந்தது. டார்பிடோ மாதிரி இருக்கும். 6000 மீட்டர் ஆழம் வரை, கயிறோ கேபிளோ இல்லாம தானா போய்ட்டு வரும். வாங்கினது விமானம் தேட இல்லை, கடலடியில் கனிமம் தேட.

கப்பலில் இருந்தே சோனார் அடிச்சுப் பார்க்க முடியாதான்னு கேட்கலாம். எங்க ஸ்கேன் ரூம் உதாரணம் சொன்னா ஈசியா புரியும். வயித்துக்கு ஸ்கேன் பண்ற ப்ரோப்பும் சோனாரும் ஒரே தத்துவம். சத்தத்தை அனுப்பு, எதிரொலியைக் கேளு, படமா மாத்து. ஃப்ரீக்வன்சி கூடினா படம் துல்லியமா வரும், ஆனா ஆழம் போகாது. ஆழம் போகணும்னா ஃப்ரீக்வன்சியைக் குறைக்கணும், படம் மங்கிடும். குண்டான பேஷண்டுக்கு ஸ்கேன் பண்ற ரேடியாலஜிஸ்ட் முகத்தைப் பார்த்தா இது தெரிஞ்சுடும்.

கப்பலுக்கு அடியில் இருந்து கிளம்புற ஒரு டிகிரி அகல ஒலிக்கதிர், 3400 மீட்டர் கீழே போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 60 மீட்டர் அகலமாகிடும். ஏஎன்-32 முழுசா இருந்தாலே நீளம் 24 மீட்டர், இறக்கை 29 மீட்டர். உடைஞ்சு கிடந்தா அந்த 60 மீட்டர் புள்ளிக்குள் ஒண்ணுமே தெரியாது. அதனால ப்ரோப்பைக் கிட்ட கொண்டுபோகணும். நெஞ்சுக்கு மேல வெச்சுப் பார்த்து இதயம் சரியாத் தெரியலன்னா, உணவுக்குழாய் வழியா ப்ரோப்பை இறக்கி எக்கோ எடுப்போம் இல்லையா, அதே கதைதான். அந்தக் கலம் கடலடியை ஒட்டியே நீந்தி, உயர் ஃப்ரீக்வன்சி சோனாரில் படம் எடுத்து, சந்தேகம் வந்த இடத்தில் லைட்டைப் போட்டு போட்டோவும் எடுக்கும். அங்கே அழுத்தம் நம்ம காத்தழுத்தத்தைப் போல 340 மடங்கு. வெளிச்சம்னு ஒண்ணு கிடையாது.

2024 ஜனவரி 12, பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி, பாதுகாப்பு அமைச்சகம் அறிவிப்பு வெளியிட்டது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 140 நாட்டிகல் மைல் தூரத்தில், 3400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதறல்கள். படங்கள் ஏஎன்-32 விமானத்தோட ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேற எந்த விமானமும் காணாமப் போனதாகப் பதிவு இல்லை. எனவே இது கே-2743 ஆக இருக்கலாம்.

(அந்த அறிவிப்பில் 140 நாட்டிகல் மைலுக்குப் பக்கத்தில் 310 கிலோமீட்டர்னு போட்டிருந்தாங்க. கணக்குப் போட்டா 259தான் வரும். லேப் ரிப்போர்ட்டில் யூனிட் தப்பா வந்தா எங்களுக்குக் கை அரிக்கும், அதான் சொன்னேன்.)

'ஆக இருக்கலாம்' என்கிற வார்த்தையை நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. பயாப்ஸி ரிப்போர்ட் எழுதுறவங்க அப்படித்தான் எழுதுவாங்க. பார்த்ததுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. வால் எண்ணைப் படிச்சதாகவோ, உடல்களைப் பார்த்ததாகவோ அவங்க சொல்லல. கருப்புப் பெட்டியை எடுத்ததாகவும் சொல்லல. ஏன் விழுந்ததுங்கிற கேள்வி இன்னும் கடலுக்கடியில்தான் இருக்கு. மேகமா, இயந்திரமா, வேற ஏதாவதான்னு பெட்டியைத் திறக்காம சொல்றவங்க எல்லாம் ஜோசியம்தான் சொல்றாங்க.

விழுந்து ஏழு வருஷம், அஞ்சு மாசம், மூணு வாரம். சட்டம் சொல்ற ஏழு வருஷத்தையும் தாண்டித்தான் வந்திருக்கு அந்தப் படம்.

அந்த அம்மா விஷயத்துக்கு வர்றேன். கடைசியில் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். முதல்ல ஸ்டேஷனில் கொடுத்த காணவில்லை புகாரோட காப்பியைத் தேடி எடுங்க. புகாரே கொடுக்கலன்னா இன்னிக்கே கொடுங்க, கணக்குக்கு ஆதாரம் அதுதான். போலீஸ்கிட்ட 'கண்டுபிடிக்க முடியவில்லை'னு எழுத்துல வாங்குங்க. ஏழு வருஷம் முடிஞ்சதும் கோர்ட்டுக்குப் போகணும், இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் கிடைப்பார். உங்க வீட்டிலோ பக்கத்திலோ யாராவது காணாமப் போயிருந்தா இதே வழிதான், குறிச்சு வெச்சுக்கோங்க.

பேப்பரை மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு, அந்த அம்மா இன்னொண்ணு கேட்டாங்க. "கோர்ட்டுல எந்தத் தேதின்னு போடுவாங்க சார்? திதி கொடுக்கணும் இல்ல?"

பிரிவு 108 இறந்தார்னு மட்டும்தான் அனுமானிக்கும். எந்த நாள்னு அனுமானிக்காது. அதுவும் செகண்ட் இயரில் படிச்சதுதான். அந்த 29 பேர் குடும்பத்துக்கு நாள் தெரியும், மணி தெரியும், 9.12. இடம்தான் ஏழரை வருஷமா தெரியாம இருந்தது. இந்த அம்மாவுக்கு ரெண்டுமே தெரியாது.

நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையில கொடுப்பாங்கம்மான்னு எங்க பாட்டி சொன்னதைச் சொன்னேன். "அது இன்னும் மனசு வரல சார்"னு சொல்லிட்டு மாத்திரை வாங்குற கவுன்ட்டருக்குப் போனாங்க.